விமானத்தில் வந்த இரண்டாவது தட்டு

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பி வா, எங்களோட இரு" என்று நீ மூன்றாம் முறையாகக் கேட்டுவிட்டாய். அதற்குப் பதில்: நான் இனி ஜென்மத்துக்கும் விமானம் ஏறுவதாக இல்லை. காரணம், சாப்பாடு. சிரிக்காதே, முழுவதும் படி.

போன மாதம் மகனைப் பார்த்துவிட்டு வந்தேன் அல்லவா? அதற்கு டிக்கெட் போடும்போது கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் வந்தது. சிறப்பு உணவு வேண்டுமா என்று. நான் பாட்டுக்கு 'சைவம்' என்று குறித்துவிட்டேன். மீன் வாசனை வந்தால் கூப்பிடாமலே தட்டோடு வந்து நிற்கிறவன் நான் என்பது உனக்குத் தெரியும். சைவம் உன் அண்ணிதான். முப்பத்தாறு வருஷமாக எங்கே போனாலும் அவளுக்காக நான்தான் வாய் திறந்து கேட்பேன். அவளாகக் கேட்கச் சொன்னால் கூச்சப்பட்டுக்கொண்டு பட்டினி கிடப்பாள். அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சரி, ரத்து செய்துவிடலாம் என்று விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "சைவச் சாப்பாடு விஷயமா..." என்று நான் ஆரம்பித்ததுமே கேட்டாள்:

"எந்த மாதிரி சைவம் வேணும் சார்? பால், முட்டை சேத்துக்குற சைவம் இருக்கு. ரெண்டும் சேக்காத சைவம் இருக்கு. வெங்காயம், பூண்டு இல்லாம ஒண்ணு இருக்கு. பச்சைக் காய் மட்டும், பழம் மட்டும்கூட இருக்கு."

ஒரு மூன்றெழுத்துச் சொல்லுக்குள் இத்தனை பேர் குடியிருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. ஒவ்வொன்றாக விசாரித்தேன். இருபத்தைந்து நிமிஷம் பேசிவிட்டுப் போனை வைத்த பிறகுதான், ரத்து செய்யச் சொல்லவே இல்லை என்று உறைத்தது. மறுநாள் மறுபடி போன் போட்டேன். ரொட்டியில் முட்டை சேர்ப்பார்களா என்று கேட்டுவிட்டு வைத்தேன். மூன்றாம் நாள் தட்டு எவ்வளவு பெரியது என்று கேட்டேன். உன்னிடம் மறைப்பானேன், பேச்சின் கடைசியில் அந்தப் பெண் "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்பாள். அதைக் கேட்கத்தான் போன் போட்டேன். இந்த வீட்டில் அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள்? நான்காம் நாள் அவளே, "உங்க சாப்பாட்டை நாங்க மறக்கவே மாட்டோம் சார், தைரியமா வாங்க" என்று முடித்துக்கொண்டாள்.

சிறப்பு உணவு எல்லோருக்கும் முன்னால் வந்துவிடும் என்று ஒருத்தரும் என்னை எச்சரிக்கவில்லை. "சைவச் சாப்பாடு யாருங்க?" என்று பணிப்பெண் சத்தம் போட்டுக் கேட்க, குற்றத்தை ஒப்புக்கொள்பவன் போலக் கையைத் தூக்கினேன். விமானம் முழுக்கப் பசியோடு பார்க்க, நான் ஒருத்தன் மட்டும் வெந்த பட்டாணியை மென்றேன். தின்று முடித்து, காலித் தட்டை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு பக்கத்து ஆளுக்கு மீன் வந்தது. நான் பார்த்த பார்வையில் அவர் தட்டை அந்தப் பக்கமாகத் திருப்பிவைத்துக்கொண்டார்.

மகன் வீட்டிலும் அதே கதி. அவனுக்கும் மருமகளுக்கும் ஆளுக்கொரு ஷிஃப்ட். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தால் 'அப்பா – திங்கள்', 'அப்பா – செவ்வாய்' என்று சீட்டு ஒட்டிய டப்பாக்கள். டிக்கெட்டில் சைவம் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு எல்லாம் சைவமாகவே செய்திருந்தார்கள். அம்மா நினைவில் அப்பா மீனையே விட்டுவிட்டார் என்று மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் எந்த வாயால் நான் மீன் கேட்பது? மூன்று வாரமும் மைக்ரோவேவ் எதிரில் நின்றபடியே சாப்பிட்டேன். 'டிங்' என்று அதுதான் கூப்பிட்டது. வேறு யாரும் கூப்பிடவில்லை.

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. என் பக்கத்து இருக்கை காலி. பணிப்பெண் இரண்டு தட்டுகளோடு வந்து நின்றாள்.

"உங்க பேர்ல ரெண்டு சைவம் இருக்கு சார். கூட வந்தவங்க எங்க?"

நான் நாலு தடவை போன் போட்டதில் யாரோ இரண்டாகப் பதிந்து தொலைத்திருக்கிறார்கள். நான் காலி இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் காலி இருக்கையின் பலகையை இறக்கி, இரண்டாவது தட்டை அதில் வைத்து, கரண்டியையும் ஒழுங்காக எடுத்துவைத்துவிட்டுத் திரும்பினாள். எனக்கு ஒரு தட்டு. யாருமில்லாத இடத்துக்கு ஒரு தட்டு. அதை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வாய் இறங்கவில்லையம்மா.

அந்த நேரம் எதிர்வரிசையில் மலை மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு மீசைக்காரர் அவளை நிறுத்தினார்.

"எனக்கும் சைவம்தாம்மா."

"முன்கூட்டியே சொல்லியிருக்கணும் சார். இனி சிக்கனும் மீனும்தான் இருக்கு. ரொட்டி தரட்டுமா?"

அவர் என் பக்கம் திரும்பி, "இந்த உடம்பைப் பாத்தா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க ஐயா" என்றார்.

"இங்க வந்து உக்காருங்க" என்றேன்.

வந்து உட்கார்ந்து மூடியைத் தூக்கியவர், அப்படியே நிறுத்தினார். "இது வீட்டம்மாவுக்குச் சொன்னதா? அவங்க வந்தா என்ன பண்றது?"

"வரமாட்டா. இறந்துட்டா" என்றேன்.

அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. உங்களுக்கெல்லாம் மகன்தானே போன் பண்ணிச் சொன்னான்.

அவர் மூடியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "நான் கிரேன் ஓட்டுறவன். காலைல மேல ஏறினா சாயங்காலம்தான் எறங்குவேன். மத்தியானச் சாப்பாடு அங்கேயே, தனியா. பன்னெண்டு வருஷம் ஆச்சு. நீங்க ஆரம்பிங்க ஐயா, நீங்க ஆரம்பிச்சாத்தான் நான் கைவைப்பேன்."

ஆரம்பித்தேன். இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். பாதியில், "உப்பு போதுமா?" என்று கேட்டு, தன்னுடைய உப்புப் பொட்டலத்தையும் என் பக்கம் தள்ளினார். போதும்தான். ஆனாலும் போட்டுக்கொண்டேன். கரித்தது. மிச்சம் வைக்கவில்லை. இறங்கும்போது என் பையை மேலிருந்து எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே, விமானப் பயணம் எனக்கு ஒத்துவராது என்பது உனக்கு விளங்கியிருக்கும். இங்கே ஒரு குறையும் இல்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். கழுவுகிற வேலையும் மிச்சம். மறுபடி கூப்பிட்டு என்னைச் சங்கடப்படுத்தாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேத்திக்கு என் ஆசிகள். நீங்கள் எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திய பழக்கத்தில், உறையை ஒட்டுமுன் இதை ஒரு முறை படித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. கடிதம்தான் முழுக்கப் பிழை. வருகிற வியாழக்கிழமை மத்தியானம் அங்கே வந்து இறங்குகிறேன். டிக்கெட் போட்டாயிற்று, திரும்பி வருவதற்குப் போடவில்லை. இது எனக்கு முன்னால் வந்துவிட்டால், படித்துவிட்டுப் படிக்காதவள் மாதிரி இரு. சாப்பாட்டுக் கட்டத்தில் இந்தத் தடவை ஒன்றும் குறிக்கவில்லை. எல்லோருக்கும் வரும்போது எனக்கும் வரட்டும்.