மேற்கணக்கு லொறியின் புகை

சூடேறி அழியவிருந்த பூமியைக் காப்பாற்றியது இலங்கை மலைநாட்டில் ஹல்துமுல்லைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில் நின்ற பழைய லொறி. உலக நாடுகள் இதுவரை அதற்கு நன்றி சொல்லாதது அவற்றின் நாகரிகக் குறைவு.

கொழுந்தையும் நோயாளிகளையும் ஒரே மரியாதையுடன் சுமந்த லொறி அது. தேசியப் புகை வர்த்தகத் திட்டத்தின் 'முன்னோடி'யாக அதைத் தேர்ந்தெடுத்த அதிகாரி றுஷ்தி, பதுளையிலிருக்கும் அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்து விளக்கக் கூட்டம் வைத்தார்.

"ஒவ்வொருத்தருக்கும் இவ்வளவு புகைதான்னு அரசாங்கம் அளவு வெச்சிருக்கு. உங்க லொறி ஓடாம மிச்சம் பிடிக்கிற புகைய, அளவுக்கு மேல விடுறவங்க வாங்கிக்குவாங்க. அவங்க தாராளமா விடலாம். வானமும் சுத்தமாயிரும்."

கொழுந்து பறிக்கும் ஜெயலெட்சுமிக்குச் சந்தேகம் வந்தது. "அவங்க தாராளமா விட்டா எப்பிடிங்க சுத்தமாகும்?"

"அதுதாம்மா சந்தை," என்றார் அதிகாரி. தோட்டத்தை நடத்தும் துரை கைதட்டினார். துரை தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள்.

மறுநாளே லொறி நின்றது. கொழுந்து மூட்டைகள் பெண்களின் தலைக்கு ஏறின. தலைகள் புகை விடுவதில்லை என்று நிபுணர்கள் உறுதிப்படுத்தியிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் ஜெயலெட்சுமியின் நிறைமாத மகள் தயானிக்கு இடுப்பு வலி கண்டது. தாய்க்காரி லொறியிடம் ஓடினாள்.

"எடுங்கண்ணே, புள்ள துடிக்குது!"

சாரதி ரெங்கசாமி தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "எப்பிடித் தங்கச்சி எடுக்கிறது? பொகை பூராவும் வித்தாச்சு. ஸ்டார்ட் பண்ணுனா என் வேலை போயிரும். அம்பியூலன்சுக்காரங்களும் இந்த ரோட்டுல ஏற மாட்டாங்க."

அவள் அதிகாரிக்குப் போன் போட்டாள். அவர் மனம் உருகிப்போனார். "கொஞ்சம் புகைய திரும்ப வாங்கிக்கலாம்மா. திங்கக்கிழமை சந்தை தொறக்கும்."

"திங்கக்கிழம வரைக்கும் புள்ள வயித்துல நிக்குமாங்க?"

"கேட்டுப் பாருங்களேன்."

லயக் குடியிருப்பிலிருந்து தயானியின் அலறல் கேட்டது. ஜெயலெட்சுமி ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணெதிரே ரோடு பனிக்குள் வளைந்து வளைந்து, ஆஸ்பத்திரி வாசல்வரை இறக்கமாகவே போனது.

"அண்ணே, என்ஜின் வேணாம். பிரேக்க விடுங்க!"

பெண்கள் தயானியைத் தூக்கி வந்து ஏற்றிவிட்டு, கூடித் தள்ளினார்கள். லொறி சத்தமில்லாமல் உருண்டது. வளைவுக்கு வளைவு ரெங்கசாமி ஹோர்னை அழுத்தினார். மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜெயலெட்சுமி மாரியாத்தாவைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி வேலியில் மோதித்தான் லொறி நின்றது. கட்டிலில் ஏற்றிய சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

செய்தி பரவியது. தாயும் சேயும் வீடு திரும்பும் நாளில் ஆஸ்பத்திரி முற்றத்திலேயே விழா. அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கி லொறிக்கு மாலை போட்டார். "ஆசியாவிலேயே புகையில்லாத முதல் அம்பியூலன்ஸ்!" என்று அறிவித்தார். அதன் என்ஜின் அன்று காலையிலேயே சகல மரியாதைகளுடனும் கழற்றப்பட்டிருந்தது.

"எறங்குறதுக்கு என்ஜின் எதுக்கும்மா?" என்று அவர் விளக்கினார்.

"பச்ச ஒடம்புக்காரிங்க. மேல வீட்டுக்கு ஏறணுமே?" என்றாள் ஜெயலெட்சுமி.

"ஏறுறது திட்டத்துல இல்லையேம்மா." உண்மையாகவே வருந்தியபடி அவர் ஜீப்பில் ஏறி அமர்ந்தார். ஜீப் உறுமியது. கறுத்த புகை குழந்தையின் முகத்துக்கு வர, தயானி முந்தானையால் மூடினாள்.

"இது என்னங்க பொகை?" என்றாள் ஜெயலெட்சுமி.

"பயப்படாதீங்க, உங்க லொறிப் புகைதான். எங்க கந்தோர்தான் அத வாங்கிச்சு," என்றார் அதிகாரி, பெருமை பொங்க.

ஜெயலெட்சுமி கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஜீப்பின் பின்கதவைத் திறந்து மகளையும் பேத்தியையும் ஏற்றி உட்கார வைத்தாள். கொழுந்துப் பெண்களும் சாரதி ரெங்கசாமியும் ஜீப்பைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். அவள் முன்பக்கம் வந்து அதிகாரியின் கதவையும் மரியாதையாகத் திறந்தாள்.

"எங்க பொகையில எங்க புள்ள மேல போகட்டுங்க. நீங்க எறங்குங்க சார். எறங்குறதுக்குத்தான் என்ஜின் வேணாமே."