ஆறுமணிக் குருவியின் டோக்கன்

இமயமலைப் பக்கமிருந்து தெற்கே கிளம்பும் பறவைகள் உலகத்திலேயே ஒருவருக்குத்தான் பயந்தன. அவர் எங்கள் ஊரிகம் பூங்காவில் உட்கார்ந்திருந்த டோக்கன் மாமா.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் மாமா அதன் டைம் ஆபீசில் இருந்தார். ஷிப்டு முடிந்து மேலே வருகிறவன் தன் பித்தளை டோக்கனைப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், மாமா மட்டும் ஆபீசை மூடவில்லை. பூங்கா வேப்பமரத்தில் ஒரு பலகையை மாட்டி, வலசை வரும் பறவைக்கெல்லாம் தகரத்தில் டோக்கன் வெட்டினார்.

புரட்டாசி பிறந்தால், பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிற என்னை மறிப்பார்.

"வாலாட்டி வந்துட்டுது தம்பி. கீச்சான் நேத்தே டூட்டில சேந்துட்டான்."

யாராவது கைதட்டி உடற்பயிற்சி செய்தால், "ஆளுங்க எறங்கற நேரத்துல இன்னாய்யா சத்தம்?" என்று அதட்டுவார். பூங்காவைப் பெருக்க வந்த பெண்ணின் துடைப்பத்தையே பிடுங்கி ஒளித்துவைத்தார். காலையும் மாலையும் ஆறு மணிக்குக் கூவும் ஆறுமணிக் குருவி சருகில்தான் இரை தேடுமாம்.

அந்தக் குருவிதான் போன வருஷம் காலை வாரியது. வீட்டில் தனியாக இருந்தபோது மாமா மயங்கி விழுந்துவிட்டதால், பெங்களூருக்கு அழைத்துப்போக மகள் வந்திருந்தாள். டெம்போவில் கட்டில் ஏறியது, பீரோ ஏறியது. மாமா ஏறவில்லை. பலகையில் ஆறுமணிக் குருவியின் ஆணி காலி.

"ஆள் வராம கேட்டப் பூட்டினு போறதா?" என்றார். மகள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

புண்ணியமாகப் போகட்டும் என்று நான் ஒரு பொய் சொன்னேன். "மாமா, இப்பதான் பாத்தேன், வந்துட்டுது."

"எங்க?"

"அரசமரத்து உச்சில."

"தரையில மேயறவன் உச்சில இன்னா பண்றான்? பொய் டோக்கன் போட்டா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சிருக்கும், தெரிமா?"

டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். மாமா மகளின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த டோக்கனை என் கையில் வைத்தார்.

"பாத்துட்டு மாட்டு," என்றார். திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறிவிட்டார்.

பத்தாம் நாள் காலை சருகுக்குள் பச்சையும் சிவப்புமாக அது தத்தியது. ரயிலாவது ஒன்றாவது! டோக்கனை மாட்டிவிட்டுப் போன் போட்டேன்.

"எத்தினி மணிக்கு?"

"ஆறு பத்து, மாமா."

"பத்து நிமிஷம் லேட்டு." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "வுடு தம்பி, தூரத்துலேர்ந்து வருது."

இப்போது பலகையில் நான் அடித்த ஆணி ஒன்று கூடுதலாக இருக்கிறது. அது மாமாவுக்கு. இந்தப் புரட்டாசியில் பறவைகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் காலியாகவே இருக்கும் அந்த ஓர் ஆணியைப் பார்க்கும்போது, எனக்கு ஷிப்டு முடிந்த மாதிரியே இல்லை.