புகார்ப் பிரிவின் மன நிம்மதி

"உங்க ஆபீஸ் முராய் இன்னியிலேர்ந்து வேலைக்கு வரமாட்டார் சார். அவர் சார்புல நான் பேசறேன்."

காலை ஒன்பது ஐந்துக்குப் போனில் ஒரு பெண் இப்படிச் சொன்னதும் குவாபராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் மாலைவரை எதிர் மேசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்த ஆள் முராய்.

"நீங்க யாரும்மா? அவர் அக்காவா?"

"இல்ல சார். வேலையை விடறேன்னு நேர்ல சொல்லப் பயப்படறவங்களுக்காகப் போன் பண்ணிச் சொல்ற கம்பெனி எங்களோடது. போன மாசம்கூடப் பேசினேனே, ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் இதே குரல்தான்.

"அவர் மேசையில ஒரு கள்ளிச்செடி இருக்காம். அதை மட்டும் தபால்ல அனுப்பிடுங்க. அவருக்கு நீங்க போன் பண்ண வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்."

"என்கிட்ட பேச என்ன பயம்?"

"அதை நாங்க கேக்கறதில்ல சார். உடம்பைப் பாத்துக்கங்க."

ஹமாமட்சு நகரில் குளியல் தொட்டிகளுக்கு மூடி செய்யும் கம்பெனி அது. குவாபரா அங்கே புகார்ப் பிரிவின் தலைவர். மூடி வளைந்துவிட்டது, மூடி நாறுகிறது, மூடிமேல் பூனை படுத்து உடைந்துவிட்டது என்று நாடு முழுவதிலிருந்தும் கடிதங்கள் வரும். எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுத வேண்டும். முராய் போனபிறகு அதற்கு மிச்சமிருந்தது ஆறு பேர்.

பத்து மணிக்கு டைரக்டர் இசோகாய் மாடிக்குக் கூப்பிட்டார்.

"பதினாலு பிரிவுல மன அழுத்தக் கேள்வித்தாள்ல உன் பிரிவுதான் கடைசி. வேலை முடிக்கறதுலயும் கடைசி. இந்த மாசம் மறுபடி கேள்வித்தாள் குடுக்கப் போறாங்க. அதுலயும் கடைசின்னா நீ வக்கனாய் கிடங்குக்குக் கிளம்பு."

வக்கனாய்க்கு அப்பால் கடல்தான். நாடு அங்கே முடிந்துவிடுகிறது. ஐம்பத்தொரு வயதில் அங்கே தனியாகப் பனி அள்ளிக்கொண்டு இருக்க வேண்டும். தனியாகத்தான், ஏனென்றால் மனைவி ஏற்கெனவே சொல்லிவிட்டாள்: "மாத்தல் வந்தா நீங்க போங்க. நானும் பொண்ணும் இங்கயே இருக்கோம். நாயும் இங்கதான்."

இசோகாய் ஒரு மெல்லிய புத்தகத்தை நீட்டினார். நல்ல தலைவனாவது எப்படி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. குவாபரா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

முதல் அத்தியாயம், ஊழியர்களை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பு என்றது. அன்று ஐந்தரை மணிக்கே குவாபரா எழுந்து நின்றார்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க. நீங்க இல்லாட்டி இங்க ஒண்ணும் நின்னுபோயிடாது."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆறு முகங்களிலும் ஈயாடவில்லை. ஒருவரும் அசையவில்லை. தலைவர் இருக்கும்போது யார் எழுந்து போவது? அதனால் குவாபராவே பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினார். பதினொரு வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை.

மறுநாள் காலை அவருக்கு அடுத்த நிலையில் இருந்த யாசுயி, கண் சிவக்க வந்து ஒரு கத்தைக் காகிதத்தை வைத்தார்.

"நேத்து ஒன்பதரை வரைக்கும் இருந்து நூத்திநாப்பது கடிதத்துக்குப் பதில் எழுதிட்டோம் சார். நாங்க இல்லாட்டி நின்னுபோகும்னு உங்களுக்குத் தெரியணும்னுதான்."

குவாபரா ஆடிப்போய்விட்டார். நிம்மதி கொடுக்கப் போய் இன்னும் நாலு மணி நேரம் கூடுதலாக வேலை வாங்கியிருந்தார்.

இரண்டாம் அத்தியாயம், ஒவ்வொருவரிடமும் தனியாக மனம்விட்டுப் பேசு என்றது. தனியாகப் பேச மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறை உண்டு. இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் ஹொசோதாம்மாவை முதலில் வரச் சொன்னார். அந்த அம்மாள் கைப்பையோடும், செய்தித்தாளில் சுற்றிய தன் தேநீர்க் கோப்பையோடும் வந்து நின்றாள்.

"எந்த ஊர் சார்?"

"ஊரா? என்ன ஊர்?"

"மாத்தல்னாதானே இந்த ரூமுக்குக் கூப்பிடுவாங்க."

"மாத்தல் எல்லாம் இல்ல. சும்மா பேசலாம்னு."

"சும்மா பேச இந்த ரூமுக்கா?" அவள் உட்காரவில்லை.

"உக்காருங்கம்மா. உங்க மனசுல என்ன இருக்கோ சொல்லுங்க. என்னைப் பத்தின குறையா இருந்தாலும் பரவாயில்ல."

ஹொசோதாம்மா ஜன்னலைப் பார்த்தாள். "இன்னிக்கு வெயில் நல்லா இருக்கு சார்."

"அப்புறம்?"

"நாளைக்கும் இருக்கும்னு சொன்னாங்க."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. அழுதுவிட்டாள். அடுத்து வந்த ஐந்து பேரும் அவளிடம் விசாரித்துவிட்டு வந்தார்கள் போலிருக்கிறது. மாலைக்குள் குவாபராவுக்கு அந்த வாரத்து வானிலை முழுதும் தெரிந்துபோயிற்று. மறுநாள் இரண்டு பேர் தலைவலி என்று லீவு போட்டார்கள்.

கேள்வித்தாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. பதறிப்போன குவாபரா மிச்ச அத்தியாயங்களை எல்லாம் ஒரே நாளில் செய்துவிடத் துணிந்தார். பொறுப்பைப் பகிர்ந்து கொடு. உன் இடத்தை ஒழுங்காக வை. நன்றி சொல்.

திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் வந்து மேசை இழுப்பறைகளைத் துப்புரவாகக் காலி செய்தார். அலமாரிச் சாவியையும் முத்திரையையும் யாசுயி கையில் கொடுத்தார்.

"இனிமே நீங்களே முடிவெடுங்க. எல்லாத்துக்கும் என்னைக் கேக்க வேண்டாம்."

யாசுயி சாவியைப் பார்த்தார், காலி மேசையைப் பார்த்தார்.

பிறகு குவாபரா ஸ்டேஷன் கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டியைப் பிரித்தார். ஒவ்வொரு இனிப்பின் உறையிலும் ஒரு முயல் குனிந்து வணங்கியது. முயலுக்குக் கீழே, 'இத்தனை நாள் துணையாக இருந்ததற்கு நன்றி' என்று அச்சடித்திருந்தது. தன் மனதில் இருந்ததை யாரோ முன்கூட்டியே அச்சடித்து வைத்திருக்கிறார்களே என்று கடையிலேயே நெகிழ்ந்து போயிருந்தார். மேசை மேசையாகப் போய், இரண்டு கைகளாலும் கொடுத்து, இடுப்புவரை குனிந்தார்.

"நான் நிறையத் தப்பு பண்ணியிருக்கேன். மன்னிச்சிருங்க."

இந்தத் தடவை அவருக்கு வந்தது வேறு மாதிரியான அதிர்ச்சி. ஹொசோதாம்மா சிரித்தாள். அவளுக்கு இடது பக்கம் ஒரு தங்கப் பல் இருப்பது பதினொரு வருடத்தில் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

யாசுயி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இதைச் சொல்ல மனசுக்குள்ள எவ்வளவு போராடியிருப்பீங்கன்னு எங்களுக்குப் புரியுது சார்."

அன்றிலிருந்து புகார்ப் பிரிவு அடியோடு மாறிவிட்டது. பிரதி எடுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் யாரோ சீட்டி அடித்தார்கள். வியாழனுக்குள் தேங்கிய கடிதங்கள் எல்லாம் தீர்ந்தன. ஐந்தரை மணிக்கு, "வர்றோம் சார்" என்று கையசைத்துவிட்டு ஆறு பேரும் கிளம்பினார்கள். வெள்ளிக்கிழமை கேள்வித்தாள் வந்தபோது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்கள்.

ஆனால் குவாபராவுக்குச் சந்தோஷம் நிலைக்கவில்லை. திங்கட்கிழமை மதியம் தேநீர் அறைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆறு பேரும் ஒரே அட்டையைச் சுற்றி நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் ஹொசோதாம்மா அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்ல சார். உங்களுக்கு அப்புறமாத் தெரியும்."

"இப்பவே தெரியக் கூடாதா?"

"இப்பவே தெரிஞ்சா நல்லா இருக்காது சார்," என்றார் யாசுயி கனிவாக.

குவாபரா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். ஆறு பேரும் சேர்ந்து ராஜினாமா எழுதுகிறார்கள், வேறென்ன. அதனால்தான் இத்தனை சிரிப்பு. இடத்துக்கு வந்து உட்கார்ந்தவர், ஒவ்வொரு தடவை போன் அடித்தபோதும் அந்தப் பெண்ணின் குரல்தான் என்று நடுங்கியே எடுத்தார். ஒவ்வொரு தடவையும் மூடி உடைந்தவர்கள்தான் பேசினார்கள். அவர்களுடைய வசவு அவருக்குத் தேனாக இருந்தது.

அன்று இரவு வீட்டில் பரண்மேல் இருந்த கனத்த கம்பளிச் சட்டையை எடுத்து உதறினார். மனைவி, "வக்கனாய்க்கு இது போதாது" என்றாள்.

புதன்கிழமை பதினாலு பிரிவுத் தலைவர்களையும் கூட்ட அறைக்கு அழைத்தார்கள். குவாபரா கடைசி நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்தார். இசோகாய் காகிதத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மன நிம்மதியில முதல் இடம், புகார்ப் பிரிவு. வேலை முடிக்கறதுலயும் முதல் இடம்."

குவாபரா எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டினார். அறை முழுக்கக் கை தட்டியது. அந்த அட்டை ராஜினாமா இல்லை, நன்றிக் கடிதம்தான் என்று அவருக்கு அப்போது பளிச்சென்று புரிந்தது. சந்தேகப்பட்டதற்கு மனதுக்குள் ஆறு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"வக்கனாய்க்கு வேற ஆளைத்தான் தேடணும்," என்று இசோகாய் சிரித்தார். மற்ற பதின்மூன்று பேரும் சட்டென்று மேசையைப் பார்த்துக்கொண்டார்கள். "குவாபரா, என்ன பண்ணினேன்னு எல்லாருக்கும் சொல்லு. எழுதிக்கட்டும்."

பதின்மூன்று பேனாக்கள் திறந்தன.

"பெருசா ஒண்ணும் பண்ணல சார். நாம அவங்களை நம்பறோம்னு அவங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான். எங்க பிரிவுல நாங்க ஏழு பேரும் இப்ப ஒரு குடும்பம். ஓய்வு வயசுவரைக்கும் நான் இவங்களை விட்டுப் போகமாட்டேன்."

இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இசோகாய், கேள்வித்தாள்களைத் திருத்திய கம்பெனி டாக்டர் அகிமோட்டோ பக்கம் திரும்பினார்.

"டாக்டரம்மா, அவங்க தங்கள் கையாலயே காரணம் எழுதியிருந்தா அதையும் படிங்களேன். மத்தவங்களுக்குப் பாடமா இருக்கும்."

டாக்டர் தாள்களைப் புரட்டினாள். குவாபராவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"மனசு லேசானதுக்குக் காரணம் என்னன்னு கேட்ட இடத்துல ஆறு பேருமே ஒரே பதிலைத்தான் எழுதியிருக்காங்க சார்: 'எங்க தலைவர் வேலையை விட்டுப் போறார்.'"