வளையாத பலகையும் உங்கள் தம்பியும்

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பியின் மனைவி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், அண்ணன் உங்களை எழுப்பாமல் தானே எழுந்து காபி போட்டுக்கொள்கிறார் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம். முதல் பக்கத்தைப் படிக்கும்போது உங்களுக்கு அப்படித் தோன்றாது. பயப்படாமல் மேலே படியுங்கள்.

உங்கள் தம்பிக்கு வேலை போகப் பார்த்தது. போகவில்லை. அப்பாடா. இதை முதலில் எழுதினால்தான் எனக்கு மூச்சே வருகிறது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வோம் என்று நான் பயந்ததாக நினைத்துவிடாதீர்கள். மகள் வேலைக்குப் போகிறாள், எப்படியாவது ஓட்டிவிடலாம். என் பயம் வேறு. வேலை போனால் அவர் நாள் முழுக்க வீட்டில் இருப்பாரே. போன வருஷம் பலகை ஆலையில் பலகையை அழுத்துகிற பிரஸ் பழுதாகி ஒரு மாதம் வீட்டில் இருந்தார். ஆலையில் அந்தப் பிரஸ்ஸுக்கு மேற்பார்வை பார்த்துப் பழகிய மனுஷன், வீட்டில் பார்க்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? வெங்காயம் நறுக்கினால் பின்னால் வந்து நின்று, "ஏன் ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருக்கு?" என்பார். டீ குடிக்கும் நேரத்துக்கு மணி அடிப்பார். மணி அடித்த பிறகும் நான் குடித்துக்கொண்டிருந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். உங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர்தான் அண்ணி, குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் அந்த மாதத்தில் நான் இளைத்தேன். என்னைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் இளைப்பது எவ்வளவு கஷ்டம் என்று.

விஷயத்துக்கு வருகிறேன். முதலாளிக்குத் திடீரென்று ஒரு யோசனை. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திப் பலகை செய்கிறோமே, பசைக்குப் பதில் ஜனங்கள் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பையை உருக்கிச் சேர்த்தால் என்ன என்று. நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பையைக் கழுவ ஆலையில் வசதி கிடையாது. எங்கே வசதி இருக்கிறது? என் வீட்டில். மூட்டை மூட்டையாக வந்தது. என் துணிக்கொடியில் புடவைக்கு இடமில்லை, முழுக்கப் பால் கவர். பக்கத்து வீட்டம்மா வந்து, "என்னங்க, வீட்ல ஏதாவது கஷ்டமா?" என்று மெதுவாக விசாரித்தார். மரத்தூளில் ஈரம் இருந்தால் பலகை உப்பிவிடுமாம், அதைக் காய வைக்க உங்கள் தம்பி என் கேக் அடுப்பை எடுத்துக்கொண்டார். அடுத்த கேக்கைச் சாப்பிட்ட மகள், "அம்மா, இதுல அலமாரி வாசனை அடிக்குது" என்றாள். அப்புறம் தண்ணீரில் ஊறுகிறதா என்று பார்க்க, செய்த பலகையில் ஒரு துண்டை வெட்டிக் குளியலறை வாளியில் போட்டார். ஒரு வாரம் பலகை குளித்தது, நாங்கள் சொம்பில் மொண்டு சமாளித்தோம்.

பலகை தண்ணீரில் துளிகூட ஊறவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வளைந்தது. சூடாக வெளியே எடுத்தால் அப்பளம் மாதிரி சுருட்டிக்கொண்டது. ஆறுகிற வரைக்கும் பாரத்துக்கு அடியிலேயே இருக்க வேண்டும் என்று உங்கள் தம்பி சொல்லிப் பார்த்தார். முதலாளிக்கு அவசரம். விடுதிகளுக்குக் குளியலறைக் கதவு வாங்குகிற அம்மா வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறாராம். "அந்தம்மா வேணாம்னு சொல்லிட்டா ஷட்டரை இறக்கிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்றாராம் முதலாளி. எல்லாரும் வீட்டுக்கு. அன்று ராத்திரி கனவில் மணி அடித்தது.

வெள்ளிக்கிழமை நானே சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன், நடக்கிறதைக் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று. போனால் ஆலையே தலையில் கை வைத்து நிற்கிறது. பலகையை அழுத்தி ஆற வைக்கிற பிரஸ்ஸுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றுபோய்விட்டது, தண்ணீர் ஏறாவிட்டால் அதில் சூடு இறங்காதாம். பலகையோ அடுப்பிலிருந்து எடுத்த சூட்டில் இருக்கிறது. விடுதிக்காரம்மா வாசலில் காரை நிறுத்துகிறார். உங்கள் தம்பி ஒரே நிமிஷம் யோசித்தார். பலகையைத் தரையில் இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில் வைத்து, மேலே கனமாகச் சாக்கு போட்டு, அதன் மேல் இன்னொரு பலகை போட்டு, "எல்லாரும் உக்காருங்க" என்றார். கணக்கர் உட்கார்ந்தார், லாரி ஓட்டுநர் உட்கார்ந்தார், முதலாளியே உட்கார்ந்தார். ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. உங்கள் தம்பி அந்த மூலையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

அண்ணி, என் உடம்பைப் பற்றி நீங்கள் எத்தனை கல்யாணத்தில் எத்தனை பேர் முன்னால் பேசியிருக்கிறீர்கள். அந்த மூலை படிந்தது.

விடுதிக்காரம்மா உள்ளே வந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார். "என்ன நடக்குது இங்க?" என்றார். "மீட்டிங்" என்றார் முதலாளி. "அப்ப நானும் கேக்கறேன்" என்று அவரும் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கணக்கர் மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். கடைசியில் உங்கள் தம்பி தாங்கமுடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார். "அம்மா, நீங்க உக்காந்திருக்கறது உங்க கதவு மேல. ஆறட்டும், கொஞ்ச நேரம் எந்திரிக்காதீங்க." அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பலகை ஆடியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. நான் சாப்பாட்டைப் பிரித்து எல்லோருக்கும் உட்கார்ந்த இடத்திலேயே கொடுத்தேன். ஒருதரம் தண்ணீர் எடுக்க அசைந்தபோது உங்கள் தம்பி என் தோளைத் தொட்டு, "நீ மட்டும் எந்திரிக்காத, உன்னைத்தான் நம்பியிருக்கேன்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சாம்பார் காரம் என்று சமாளித்தேன்.

ஆறிய பிறகு எடுத்தார்கள். விடுதிக்காரம்மா பலகை மேல் ஒரு பென்சிலை வைத்தார். அது உருளாமல் வைத்த இடத்திலேயே கிடந்தது. எல்லா விடுதிக்கும் இதே கதவு போடச் சொல்லிவிட்டார். மோட்டாரையும் சரிசெய்துவிட்டார்கள். உங்கள் தம்பி நாளை காலை வழக்கம்போல ஆலைக்குக் கிளம்புவார், நான் வழக்கம்போல கதவைச் சாத்திவிட்டு என் இஷ்டத்துக்கு வெங்காயம் நறுக்குவேன். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது அண்ணி.

அண்ணனுக்கு என் வணக்கம். குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், உங்கள் முழங்கால் நன்றாக மடங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், உங்கள் தம்பி இனிப்புப் பெட்டியோடு வந்து நிற்கிறார். மேலே எழுதிய நிம்மதியையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். பதவி உயர்வாம். இனிமேல் புதுப்புதுக் கலவையில் பலகை செய்து பார்ப்பது மட்டும்தான் அவர் வேலை. ஆலையில் சத்தம் அதிகம், இடமும் இல்லை என்பதால் திங்கட்கிழமை சின்னதாக ஒரு பிரஸ்ஸை எங்கள் முன்னறையில் இறக்குகிறார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை வீட்டிலேதான். உதவிக்கு ஒரு ஆள் தருகிறேன் என்று முதலாளி சொன்னாராம். இவர் வேண்டாம் என்றுவிட்டாராம். "எதுக்கு சார் வீண் செலவு, எங்க வீட்ல உக்கார ஆள் இருக்கு."