எல்லோரும் மலைக்கு

காரில் ஐந்து இடம். வருவதாகச் சொன்னவர்கள் ஆறு பேர். லுபென் லிஃப்ட் அருகே நின்று மறுபடி எண்ணினார். ஆறுதான்.

முதலில் இரண்டே பேர்தான். அவரும் நான்காம் மாடி நெவெனாவும். ஞாயிற்றுக்கிழமை சோஃபியாவிலிருந்து விதோஷா மலைக்குப் போவது, மேலே விடுதியில் பீன்ஸ் சூப் குடிப்பது, சூப் பாதியில் இருக்கும்போது, என்னோடு வந்து இருந்துவிடுங்கள் என்று கேட்பது. திட்டம் அவ்வளவுதான்.

இனியும் தள்ளிப்போட முடியாது. நெவெனாவின் கணவர் இறந்து ஓராண்டு ஆனதற்கான அறிவிப்பை, படத்தோடு, கட்டட வாசற்கதவில் ஒட்டியிருந்தார்கள். அந்த முகம் கதவில் இருந்தவரை லுபெனுக்கு வாய் வரவில்லை. இப்போது மழை அதைக் கரைத்துவிட்டது. ஆனால் கடலோரத்து வர்னாவிலிருந்து மகள் போனில் அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தாள், இங்கேயே வந்துவிடு என்று. அவள் அழைத்துக்கொள்வதற்குள் கேட்டாக வேண்டும்.

நெவெனா மறுக்கவில்லை. ஞாயிறு வேண்டாம், சனி என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நாம ரெண்டு பேர் மட்டும் போனா இந்தக் கட்டடம் சும்மா இருக்குமா? ஸ்தாங்காவையும் கூப்பிடுங்க."

இரண்டாம் மாடியில் லுபெனின் எதிர்வீட்டு ஸ்தாங்கா வந்தால் அவள் கணவன் தோதரும் வருவான். தோதர் வந்தால் அவன் தம்பியும். அடுத்து மூன்றாம் மாடிப் பேராசிரியர். அவரையும் நெவெனாதான் சொன்னார், பாவம் தனி ஆள் என்று. ஆறு பேர் ஆனது அப்படித்தான்.

ஒருவரைக் கழிக்க லுபென் மூன்றாம் மாடிக்கு ஏறினார். விஷயத்தைப் பாதி சொல்வதற்குள் பேராசிரியர் கையிலிருந்த கம்பளிக் காலுறையைக் கீழே வைத்தார்.

"பரவாயில்ல. என்னை விட்டுட்டுப் போறது யாருக்கும் புதுசில்ல."

லுபென் அப்படியே இறங்கிப் போய், பழைய தொழிற்சாலை நண்பனிடம் வேன் கேட்டு வாங்கி வந்தார்.

நெவெனா ஜன்னலிலிருந்து வேனைப் பார்த்தார். இவ்வளவு பெரிய வண்டியில் ஆறு பேர் போவதா என்றார். தரைத்தளக் குடும்பம் சேர்ந்தது. அவர்களுடைய நாயையும் விடவில்லை.

"நாய் எதுக்குங்க?"

"தனியா விட்டா நாள் முழுக்கக் குரைக்குமே, பாவம்."

கட்டடத்துக்காரர்களைப் பார்த்து அந்த நாய் குரைத்ததே இல்லை. வேற்றாளைக் கண்டால் மட்டும்தான் குரைக்கும். இருந்தாலும் நாய்க்குக்கூட இரங்கும் மனசு என்று லுபென் நினைத்துக்கொண்டார்.

பக்கத்து விடுதிக்கே போகலாம் என்று ஸ்தாங்கா சொன்னபோதும் நெவெனா ஒத்துக்கொள்ளவில்லை.

"தூரத்துல இருக்கறதுக்குப் போங்க லுபென். சீக்கிரம் திரும்பி வந்து என்ன பண்ணப்போறோம்?"

சவரம் செய்யும்போது லுபென் இதைக் கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்தார். கன்னத்தில் வெட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை நகரத்தின் மேல் பனிமூட்டம் அழுக்குப் போர்வையாகக் கிடந்தது. எல்லோரும் ஏறியாயிற்று. நெவெனா வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டதாம்.

"அப்ப நானும் வரல," என்றார் லுபென்.

"வண்டியை யார் ஓட்டுவா? நாயா?"

வேன் ஓட்ட உரிமம் இருந்தது அவர் ஒருவருக்குத்தான். அவர் இருக்கையில் உட்கார்ந்ததும் நெவெனா கையிலிருந்த குடத்தை வாசற்படியில் கவிழ்த்தார். தண்ணீர் படிகளில் ஓடியது. நெடும்பயணம் கிளம்புகிறவருக்கு வழி தண்ணீர்போல் ஓட வேண்டும் என்று ஊற்றுவது அது.

"மலைக்குப் போயிட்டுச் சாயங்காலம் வரப்போறோம். பட்டாளத்துக்கா அனுப்புறாங்க?" என்றான் தோதர்.

வேன் சிரித்தது. லுபென் சிரிக்கவில்லை. தனக்காக ஒருவர் தண்ணீர் ஊற்றி அவர் பார்த்ததில்லை.

மலையிலும் மூட்டம்தான். நாய் பேராசிரியரின் மடியில் வாந்தி எடுத்தது. தோதரும் தம்பியும் அப்பாவின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். விடுதியில் எல்லோரும் சுவரைப் பார்த்தபடி சூப் குடித்தார்கள்.

லுபெனுக்கு மட்டும் ஒன்று பளிச்சென்றது. கட்டடம் முழுக்க இங்கே இருக்கிறது. அங்கே நெவெனா தனியாக. இதைவிட நல்ல மலை எது?

பிளாஸ்கில் சூப் நிரப்பிக்கொண்டார். டயரில் காற்று இறங்குகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். யாரும் நிமிரவில்லை. வழியெல்லாம், என்னோடு வந்து இருந்துவிடுங்கள் என்ற வாக்கியத்தையே சொல்லிப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். ஊர் எல்லை வருவதற்குள் அது நன்றாகவே வந்தது.

கட்டட வாசலில் ஒரு லாரி நின்றது. படியில் தண்ணீர் உறைந்து கண்ணாடியாகியிருந்தது. லுபென் வழுக்கி விழுந்தார். பிளாஸ்க் மட்டும் நெஞ்சோடு பத்திரமாக இருந்தது.

தையல் மெஷினைச் சுமந்து வந்த ஒருவன் அதை இறக்கிவைத்துவிட்டு அவரைத் தூக்கிவிட்டான். அந்த மெஷினை லுபெனுக்குத் தெரியும். போன குளிர்காலத்தில் அதற்கு எண்ணெய் போட்டவர் அவர்தான்.

"பாத்து, அண்ணே. நானும் காலையில இதுலதான் விழுந்தேன். இந்தக் குளிர்ல படியில தண்ணி ஊத்துவாங்களா?"

"அது எங்களுக்கு ஊத்தினது," என்றார் லுபென். "நாங்க மலைக்குப் போனோம்."

அவன் கையுறையைத் தட்டிக்கொண்டான்.

"உங்களுக்கு இல்லண்ணே, அந்தம்மா தனக்குத்தானே ஊத்திக்கிட்டாங்க, ரெண்டாம் மாடிக்காரர் முகத்தைப் பாத்தா வர்னா ரயில் ஏற கால் வராதாம், அதான் அவரு ஒருத்தரை அனுப்புறதுக்காக மொத்தக் கட்டடத்தையும் மலைக்கு அனுப்பிட்டேன்னு சொல்லிட்டுப் போனாங்க."