தலைக்கு மேலே எட்டுக் கிலோ நிலா

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நானும் உங்கள் அக்காவும் உடம்பளவில் நலம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு, மேற்கொண்டு என் தலையெழுத்தை எழுதுகிறேன். போனில் சொன்னால் உங்கள் அக்கா காதில் விழும் என்பதால்தான் கடிதம். படித்ததும் கிழித்துப் போடுங்கள்.

நம் பெண் கோளரங்கத்தில் ஆறு மாதமாகத் தற்காலிக வேலையில் இருப்பதும், நேற்றைய திறப்பு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று இயக்குநர் முடிவு செய்வார் என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது, அங்கே நிலாவை மாட்டியது நான் என்பது. கூடத்தின் நடுவே வியாழன் கிரகம், ஒரு கார் அளவுக்கு. அதைச் சுற்றி ஒரு நீண்ட இரும்புக் கையின் நுனியில் கானிமீடு என்கிற அதன் பெரிய நிலா. நிஜ நிலா புதன் கிரகத்தைவிடப் பெரிதாம். நம்முடையது எட்டுக் கிலோ. கான்ட்ராக்டர் பாதியில் ஓடிவிட்டதால், "முப்பது வருஷமா ஃபேன் மாட்றீங்களேப்பா, இதுவும் சுத்தறதுதானே?" என்று மகள் கேட்டாள், நானும் மண்டையை ஆட்டிவிட்டேன். நிஜத்தில் ஒரு சுற்றுக்கு ஏழு நாள் ஆகும், அப்படியே வையுங்கள் என்றார் இயக்குநர். அந்த வேகத்தில் சுற்றினால் ரிப்பேர் என்று ஜனங்கள் என்னைத்தான் திட்டுவார்கள் என்று மன்றாடி ஏழு நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன்.

நேற்றுக் காலை பதினோரு மணி. தரையில் அறுபது பள்ளிப் பிள்ளைகள், முன்வரிசை நாற்காலியில் இயக்குநர், கையில் மைக்கோடு நம் பெண். வியர்வை துடைக்கக் கைக்குட்டையைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டால், மச்சான், விரலில் ஒரு பின் தட்டுப்படுகிறது. நட்டு கழலாமல் இருக்க போல்ட் நுனியில் செருகி இரண்டு காலையும் விரித்துவிடுவோமே, அந்தப் பின்! நிலாவைத் தாங்குகிற போல்ட்டில் இருக்க வேண்டியது என் பையில் இருக்கிறது. கத்தினால் பெண்ணின் வேலை போகும், கத்தாவிட்டால் ஏதோ ஒரு பிள்ளையின் மண்டை போகும், மோட்டாரை நிறுத்தலாமென்றால் சுவிட்ச் அறையைப் பூட்டிக்கொண்டு காவலாளி சாவியோடு டீ குடிக்கப் போய்விட்டார். "இந்த நிலா வியாழனுக்கு எப்பவுமே ஒரே முகத்தைத்தான் காட்டும்" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கையில், நான் பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து, இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நிலாவுக்கு நேர் கீழேயே நடக்க ஆரம்பித்தேன். "நகருப்பா, காலை மடக்கும்மா, ராசா, தள்ளி உக்காரு." ஒரு சுற்று முடிந்தது, இரண்டாவது தொடங்கியது, தோள் இற்றுப்போயிற்று. மேலே கிறீச்சென்று சத்தம் வரும்போதெல்லாம் கையை இன்னும் ஒரு சாண் உயர்த்தினேன்.

"யாருங்க அந்த ஆளு?" என்று இயக்குநர் எழுந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ விபரீதம் என்று மகளுக்குப் புரிந்துவிட்டது. "சார், அவர்தான் ஈர்ப்பு விசை" என்றாள். "வியாழன் இந்த நிலாவை எப்படி விடாம பிடிச்சு வெச்சிருக்குன்னு காட்டறார்."

பிள்ளைகள் கைதட்டித் தீர்த்துவிட்டார்கள். இயக்குநருக்குப் பரம சந்தோஷம். வேலை நிரந்தரம், மச்சான்! கூடவே, இனி தினம் நான்கு காட்சிக்கும் ஈர்ப்பு விசை தவறாமல் வர வேண்டும் என்றும் உத்தரவு. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். அந்தப் பின் விஷயத்தை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று அரங்கம் விடுமுறை. ஏணியோடு போய் யாருக்கும் தெரியாமல் மாட்டிவிட்டு வருகிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, எல்லாரும் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஈர்ப்பு விசையாகிவிட்ட உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். நிலாவில் பின் கல்லு மாதிரி இருக்கிறது, காலை விரித்துக்கொண்டு, நான் போட்டபடியே. அப்படியானால் என் பையில் இருந்தது எது என்று உட்கார்ந்து யோசித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை இதே சட்டையோடுதான் உங்கள் வீட்டுக் கூடத்து ஃபேனை இறக்கித் துடைத்து மாட்டினேன். அது உறைத்ததிலிருந்து உங்களுக்குப் போன் அடிக்கிறேன், யாரும் எடுக்கவில்லை; ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. இதை ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன், ஏணியோடு நானும் வந்துகொண்டிருக்கிறேன். கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால், மச்சான், எழுந்திருக்காதீர்கள், அப்படியே உருண்டு வெளியே வந்துவிடுங்கள்.