வட்டம் போட்ட மச்சம்

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கிக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டருக்குப் பிடரி அரித்தது. கை தானாகப் பின்னால் போயிற்று. காலர் உரசுகிற இடத்தில், பத்து வருஷமாக இருக்கிற அதே இடத்தில், சட்டைப் பட்டன் அளவுக்கு மச்சம் தட்டுப்பட்டது.

அதை எடுத்துவிட்டோம் என்று சொல்லி, கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்து வெளியே அனுப்பி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஏய், இங்க வா. இது என்னன்னு பாரு."

மனைவி எட்டிப் பார்த்தாள். "மச்சம்."

"அது எனக்கும் தெரியுது. எடுத்த மச்சம் எப்படி இங்க இருக்கும்?"

"எடுக்கலைங்க போல."

"அப்ப கட்டு எங்க போட்டிருக்கு?"

அவள் சட்டையைத் தூக்கினாள். "ஒரு சாண் கீழ. தோள்பட்டை எலும்புக்குப் பக்கத்துல."

மாஸ்டர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கீழே இருந்தது அவருடைய ராசி மச்சம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மனைவிதான் அதை முதலில் பார்த்துச் சொன்னாள். அதே மாதம் தையல்கடை முதலாளி கூப்பிட்டுப் பெரிய கத்திரியைக் கையில் கொடுத்து, இனிமேல் நீதான் மாஸ்டர் என்றார். அன்றிலிருந்து அவர் வெட்டிய துணி ஒன்றுகூட வீணானதில்லை. இருபது வருஷப் பழக்கமும் நல்ல கண்ணும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று யாராவது சொன்னால் மாஸ்டருக்குக் கோபம் வரும். கண்ணாடியில்கூட முழுசாகப் பார்த்திராத அந்த மச்சத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒரு வருஷமாக மனைவி அதைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தாள். "நிறம் மாறிட்டு வருதுங்க. ஓரம் கோணல்மாணலா இருக்கு. டாக்டர்கிட்ட காட்டலாமா?"

"ஓரம் கோணலா இருந்தா நான் என்ன கத்திரி வெச்சு நேராக்கணுமா? அதைப் பத்தி இந்த வீட்டுல இனிமே பேச்சே வரக்கூடாது."

அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. மாஸ்டர் ஒன்று சொன்னால் அந்த வீட்டில் எதிர்வார்த்தை கிடையாது, பல்லி கூடச் சத்தம் போடாது என்று அவர் கடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

காலரில் உரசி அரிக்கிற மேல் மச்சத்தைத்தான் எடுக்க நினைத்தார். முதல் தடவை வந்தபோது பனியனைக்கூடக் கழற்றாமல் காலரை மட்டும் விலக்கிக் காட்டினார். ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். எடுக்க வேண்டிய மச்சத்தை வீட்டிலேயே அழியாத பேனாவால் அடையாளம் செய்துகொண்டு வரவும் என்று அதில் அச்சடித்திருந்தது.

அடையாளம் போடுவதைப் பற்றி மாஸ்டருக்கு இன்னொருவர் பாடம் எடுக்க முடியுமா? அவருடைய மேஜையில் ஒரு சட்டம் உண்டு. இன்ட்டுக் குறி போட்ட இடத்தில் கத்திரி இறங்கும். வட்டம் போட்ட இடத்தில் கத்திரியின் நிழல்கூடப் படக்கூடாது. மறந்துபோய் வட்டத்தை வெட்டிய ஒருவர் இப்போது வேறு ஏதோ தொழில் செய்துகொண்டிருக்கிறார்.

"மேல இன்ட்டு, கீழ வட்டம். ராசி மச்சத்துல அவங்க கத்தி பட்டுடக் கூடாது பாரு" என்று முந்தின நாள் மத்தியானமே மனைவியிடம் சொல்லிவிட்டார். காலையில் பேனாவைக் கையில் கொடுத்து மறுபடியும் சொன்னார். அவளும் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, நிதானமாக, அழகாகப் போட்டாள். போட்டதைப் போனில் படம் எடுத்து அவருக்குக் காட்டவும் செய்தாள்.

படியிலிருந்து எழுந்த மாஸ்டர் திரும்பி உள்ளே பாய்ந்தார். வரிசையில் காத்திருந்தவர்கள் தாமாகவே வழிவிட்டார்கள்.

"யாரு என் முதுகுல கை வெச்சது?"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சார் ஆச்சு? வலிக்குதா?"

"வலி இல்ல, வயித்தெரிச்சல்! எதை எடுக்கச் சொன்னேன், எதை எடுத்திருக்கீங்க?"

"நீங்க வட்டம் போட்டுட்டு வந்ததைத்தான் சார்."

"வட்டம் போட்டா தொடாதேன்னு அர்த்தம்!"

"இல்ல சார். வட்டம் போட்டா எடுன்னு அர்த்தம். இன்ட்டு போட்டா இது வேண்டாம்னு அர்த்தம்."

"எவன் சொன்னது?"

"எல்லா ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் சார்."

"எல்லாத் தையக்கடையிலயும் போய்க் கேளு!"

எல்லாத் தையல்கடையிலும் என்பது கொஞ்சம் அதிகம். அவர் ஒருவர் மேஜையில்தான் அந்தச் சட்டம். ஆனால் கோபத்தில் இருக்கிற மனிதரிடம் கணக்குக் கேட்க முடியாது.

நர்ஸ் ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "எடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டேனே சார். போட்ட அடையாளப்படியே எடுத்துடலாமான்னு. போட்டபடியே எடுங்க, துளி மாறக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. இதோ கையெழுத்து."

கையெழுத்து அவருடையதுதான். கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. அவருக்கு அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் ஆத்திரம் வந்தது. அவர்களை நாலு கேள்வி கேட்கலாம் என்று வந்தால் தன் கையெழுத்தே தன்னைப் பார்த்துச் சிரித்தால் எந்த மனிதருக்குத்தான் பொறுக்கும்?

மரத்துப்போகிற ஊசியைக் கீழே போடும்போதே அவர் கேட்டிருக்கலாம். கீழே போட்டால் மருந்து மேலே ஏறும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்து பேசாமல் படுத்திருந்தார். அந்த நினைப்பு வேறு இப்போது வந்து தொலைத்தது.

உள்ளேயிருந்து டாக்டரம்மா வந்தார். "பரவாயில்லைங்க, அடுத்த வாரம் வாங்க. மேல இருக்கறதையும் எடுத்துடலாம்."

"ஒண்ணை வெட்டினது பத்தாதா? எனக்கு என் மச்சம் வேணும். எங்க அது?"

"லேப்புக்குப் போயிடுச்சு. எடுத்த மச்சத்தைச் சோதிச்சுப் பார்க்கறது வழக்கம்."

அடுத்த நிமிஷம் மாஸ்டர் பின்கட்டிடத்தில் இருந்த லேப் ஜன்னலில் நின்றார். உள்ளே கண்ணாடி போட்ட ஒருவர் புட்டிகளுக்குப் பேர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என் மச்சத்தைக் கொடுங்க."

"எதுக்கு சார்?"

"அது என்னோடது!"

"மெழுகுல வெச்சு மெல்லிசா சீவித்தான் சார் பார்க்கணும். முழுசா எதுவும் திரும்பக் கிடைக்காது."

"சீவப் போறீங்களா? யாரைக் கேட்டு? எத்தனை துண்டு?"

"அது கணக்கில்ல சார். முடியை விட மெல்லிசா வரும்."

அவ்வளவு மெல்லிசாக வெட்டுகிற ஓர் ஆளை மாஸ்டர் வேறு சமயமாக இருந்தால் பாராட்டியிருப்பார். இப்போது ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு மேஜைமேல் இருந்த புட்டியை எட்டினார். எட்டிய வேகத்தில் முதுகில் சுரீர் என்றது. சட்டை ஈரமானது.

தையல் விட்டுவிட்டது. மறுபடியும் அதே கட்டில், அதே ஊசி, அதே நர்ஸ். இந்தத் தடவை நாலுக்குப் பதில் ஏழு தையல்.

"ரெண்டு வாரத்துக்குக் கையைத் தோளுக்கு மேல தூக்கக்கூடாது. கத்திரி, இஸ்திரி எதுவும் கூடாது" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் கட்டை விலக்கித் தையலைப் படம் எடுக்கச் சொன்னார். மனைவி எடுத்துக் காட்டினாள். மாஸ்டர் போனைக் கண்ணருகில் கொண்டுபோனார்.

"இது தையலா? ஒரு இடைவெளி சின்னது, ஒரு இடைவெளி பெருசு. முடிச்செல்லாம் வெளியில தெரியுது. என் கடையில இப்படித் தெச்சா அன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடுவேன்."

"ஆறினா சரியாயிடுங்க."

"உனக்கு என்ன! ராசி போனது எனக்கு!"

மனைவி மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பயந்துவிட்டாள் என்று மாஸ்டர் நினைத்தார்.

மூன்றாம் நாள் முதலாளி போன் செய்தார். "மாஸ்டர், பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணி வந்து கிடக்கு. இருநூறு பேன்ட். எப்ப வர்றீங்க?"

"ரெண்டு வாரம் ஆகும் முதலாளி. அதுவரைக்கும் யாரும் துணியில கை வைக்காதீங்க."

"நானே வெட்டிக்கிறேன். நானும் மாஸ்டரா இருந்தவன்தானே?"

மாஸ்டர் போனிலேயே மேஜை, மடிப்பு, மார்க்கிங் எல்லாவற்றையும் விளக்கினார். விளக்கம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் மறுபடியும் போன் வந்தது.

"மாஸ்டர், ஒரு சின்ன விஷயம். நாற்பது பேன்ட் வெட்டியிருக்கேன். எல்லாத்துக்கும் இடது கால்தான் இருக்கு."

"வலது கால்?"

"அதான் சொல்றேனே. எண்பதும் இடது கால்."

மாஸ்டர் போனை வைத்தார். எட்டு வருஷமாக நடக்காதது மச்சம் போன நாலாம் நாள் நடந்துவிட்டது. தாளையும் பேனாவையும் எடுத்தார்.

ஆஸ்பத்திரித் தலைமை அதிகாரிக்கு எழுதிய புகார் நாலு பக்கம் வந்தது. ஐந்தாவது பக்கத்தில் தம் முதுகைச் சட்டையின் பின்பாகம் மாதிரி வரைந்து, காலரிலிருந்து ஏழேகால் அங்குலம், நடு முதுகிலிருந்து மூன்றரை அங்குலம் என்று அளவு போட்டிருந்தார். ராசி போனதற்கு நஷ்ட ஈடு, நாற்பது பேன்ட்டுக்கு வலது கால், டாக்டரம்மா எழுத்தில் மன்னிப்பு, இவ்வளவும் வேண்டும் என்று கேட்டிருந்தார். ஆளுக்கு ஒரு பிரதி என்று ஆறு பிரதி எடுக்க மனைவியை அனுப்பினார். அவள் எடுத்து வந்தாள்.

"நான் எழுதினது சரியாத்தானே இருக்கு? நீ போட்டது மேல இன்ட்டு, கீழ வட்டம். நீ சாட்சி."

"நீங்க சொன்னபடியேதாங்க போட்டேன். எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

புகார் அன்றே தபாலில் போயிற்று. பத்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, புகார்ப் பிரதிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் மனைவியின் விரல்கள் பையின் வாரைத் திருகிக்கொண்டே வந்தன.

டாக்டரம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க. ரிப்போர்ட் வந்திருக்கு."

"ரிப்போர்ட் இருக்கட்டும். முதல்ல என் புகாருக்குப் பதில் சொல்லுங்க."

"புகாரைப் பத்தி அப்புறம் பேசலாம். நாங்க எடுத்த மச்சம் நல்ல மச்சம் இல்லைங்க. அது புற்று. ரொம்ப ஆரம்பம். முழுசா வெளியில வந்துடுச்சு, ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தீங்கன்னா உள்ள இறங்கியிருக்கும். அப்புறம் என் கையில ஒண்ணும் இருந்திருக்காது."

மாஸ்டருக்குள் பத்து நாளாக எரிந்துகொண்டிருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அழுது அவர் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

"மேல இருக்கறது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அது சாதாரண மச்சம். அது பாட்டுக்கு இருக்கலாம். ஆனா கீழ எடுத்த இடத்தைச் சுத்தி இன்னும் கொஞ்சம் அகலமா எடுத்துட்டா நல்லது."

"எடுங்கம்மா. எவ்வளவு வேணுமோ எடுங்க. நீங்களே வட்டம் போட்டுக்கங்க, பெருசாவே போடுங்க."

வெளியே வந்ததும் மனைவியை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு டோக்கன் கவுன்ட்டருக்குப் போனார். போன் எடுப்பதும் டோக்கன் கொடுப்பதும் அங்கே ஒரே பெண்தான். கக்கத்திலிருந்த பிரதிகளை அவள் முன்னால் வைத்தே நாலாகக் கிழித்தார்.

"என் புகாரைத் திரும்ப வாங்கிக்கணும்மா. பேரேட்டுல அடிச்சிடுங்க."

"ஏன் சார்? பெரிய புகார்னு சொன்னாங்களே?"

"புத்தி இல்லாம எழுதிட்டேன். நல்லவேளை, உங்க ஆஸ்பத்திரியில தப்பு நடந்துச்சு. மேல இருக்கறதை எடுக்காம தப்பா கீழ இருக்கறதை எடுத்தீங்களே, அந்தத் தப்பாலதான் நான் உயிரோட இருக்கேன்."

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கியது. ஆஸ்பத்திரியைக் குறை சொன்னது பிடிக்கவில்லை போலிருக்கிறது.

"இதுல தப்பு எங்க சார் வந்துச்சு? முந்தின நாள் சாயங்காலமே உங்க வீட்டம்மா உங்க பேரைச் சொல்லி போன் பண்ணி, 'உங்க ஆஸ்பத்திரியில வெட்டற இடத்துக்கு இன்ட்டு போடுவீங்களா, வட்டம் போடுவீங்களா'ன்னு ரெண்டு தடவை கேட்டு நிச்சயம் பண்ணிக்கிட்டுத்தானே போனை வெச்சாங்க!"